கால்ல 40 சதவீதம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மீதி 60-ஐ வச்சு மலை ஏற முடியுமா?

மலையோரத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விவரம் தெரிஞ்சவங்க யாராவது வழி சொல்லுங்க. கொஞ்சம் நீளமாட்டு இருக்கும், பொறுத்துக்கிடுங்க.

எனக்க தங்கச்சி மாப்பிள்ளைக்கு 38 வயசு. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேல ரப்பர் பால் வெட்டுகாரு. போன வருஷம் (2023) நவம்பர்ல விடியக்காலம் நாலு மணிக்கு பைக்ல வெட்டுக்குப் போகும்பம், வளைவுல எதிர்த்தாப்புல வந்த டாரஸ் லாரி ஏறி அடிச்சுட்டு. வலது முட்டு நொறுங்கிப் போச்சு. மூணு ஆபரேஷன். இப்பம் கம்பு ஊணி நடக்காரு. முட்டு மடங்காது, இனி மடங்கவும் செய்யாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு.

ஏப்ரல்ல நாகர்கோவில்ல கேஸ் போட்டோம். மெடிக்கல் போர்டுல 40 சதவீதம்னு சர்டிபிகேட் குடுத்தாங்க. இப்பம் லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றத்துல) பேசி முடிச்சுக்கிடலாம், நாலு லட்சம் தாறோம்னு இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லுது. ஆஸ்பத்திரிக்கே எங்க கையில இருந்து ஒண்ணே அறுபது போயிருக்கு. வக்கீல், "கையில கிடைக்கத வாங்குங்க, இல்லேன்னா வருஷக்கணக்கா இழுக்கும்"னு சொல்லுகாரு. தங்கச்சி பாதி மனசோட சரின்னு சொல்லிட்டா.

எனக்குத்தான் மனசு ஒப்பல. பால் வெட்டு எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. மலைச்சரிவுல தட்டுத்தட்டா மரம் நிக்கும். தலையில லைட்டக் கட்டிக்கிட்டு இருட்டுல ஒரு மரத்துல இருந்து அடுத்த மரத்துக்கு ஏறி இறங்கணும். கீழ்ப்பட்டை வெட்டணும்னா குத்தவைக்கணும். ஒரு நாளைக்கு 350 மரம். வெட்டி முடிஞ்சா அதே 350 சிரட்டையிலயும் பால் எடுத்து, வாளியில சுமந்து இறங்கி, ஆசிட் ஊத்தி உறைய வச்சு, ஷீட் அடிக்கணும். குத்தவைக்க முடியாத மனுஷன் இதுல 60 சதவீதம் எப்படிச் செய்வாரு? 210 மரம் வெட்டுவாரா? ஒரு மரம்கூட வெட்ட முடியாது!

நாலு லட்சம் நியாயமா, இல்லையா? அதுதான் எனக்க கேள்வி.

---

களியக்காவிளை ரோடு எழுதியது:

முதல்ல இந்த டாரஸ் லாரிகளுக்கு ஒரு முடிவு கட்டணும். கல்லும் மண்ணும் ஏத்திக்கிட்டு ராத்திரி முழுக்க கேரளாவுக்கு ஓடுது. பகல்ல பிடிச்சா அரை நாள் செய்தி, அடுத்த நாள் பழையபடி. ரோட்டுல நாம போகணுமா அதுங்க போகணுமா?

நாலு லட்சம் வாங்காதீங்க. கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. வாங்காதீங்க, அவ்வளவுதான்.

---

கோர்ட்டு வராந்தா எழுதியது:

தம்பி, நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து மோட்டார் விபத்துக் கட்டுகளைச் சுமந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த நாலு லட்சம் எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். நம் ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஊனம் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்குவது. ஐயாயிரம் என்று வைத்தால் 40-க்கு இரண்டு லட்சம். உங்கள் ஆஸ்பத்திரி பில் 1.60 லட்சம். மீதி நாற்பதாயிரம் வலி, வேதனை, சத்துணவு, போக்குவரத்து. கூட்டிப் பாருங்கள், நாலு லட்சம் சரியாக வந்துவிடும். கம்பெனி அப்படித்தான் போட்டிருக்கும் என்று என் ஊகம்.

அந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தும்? அடிபட்ட பிறகும் அதே நாற்காலியில் அதே சம்பளம் வாங்குகிற அரசு ஊழியருக்குப் பொருந்தும். அவருக்கு உடம்பு போயிருக்கிறது, வருமானம் போகவில்லை. உங்கள் மச்சானுக்கு வருமானமே போய்விட்டது. அப்படிப்பட்டவருக்குப் பெருக்கல் முறைதான், அதாவது வருஷ வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவது.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்று 2010 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதற்கு ஆதாரம். மருத்துவர் சொல்லும் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் வரும் இழப்பு வேறு. ஒன்றை அப்படியே இன்னொன்றாக எடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதில் வரும் உதாரணமே போதும். இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் கிட்டத்தட்ட முழு இழப்பு. அதே கை ஒரு அரசாங்க குமாஸ்தாவுக்குப் போனால் வேலை போகாது. சர்டிபிகேட்டில் இருவருக்கும் சதவீதம் ஒன்றாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் கணக்கு. 38 வயது என்றால் சரளா வர்மா தீர்ப்பின் (2009) அட்டவணைப்படி பெருக்கெண் 15. மாதம் 15,000 வருமானம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குள் இருக்கும் சொந்தத் தொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று பிரணய் சேத்தி தீர்ப்பு (2017) சொல்கிறது. ஆக மாதம் 21,000. வருஷத்துக்கு 2,52,000. பதினைந்தால் பெருக்கினால் 37,80,000. இதில் வெறும் 40 சதவீதம் எடுத்தாலே 15,12,000. வேலை இழப்பை 80 என்று நீதிமன்றம் ஏற்றால் 30,24,000. மருத்துவச் செலவும் மற்றவையும் இதற்கு மேல்.

நாலு லட்சம் எங்கே நிற்கிறது பார்த்தீர்களா?

லோக் அதாலத் ஒன்றும் கெட்ட இடம் இல்லை. நிறையப் பேருக்கு விரைவாகப் பணம் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அதுதான் முடிவு, மேல்முறையீடு கிடையாது. பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வழக்கைத் தொடரலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை.

---

பாலிசி பேசுது எழுதியது:

நான் இன்சூரன்ஸ் துறையில வேலை பார்க்கிறேன். எல்லாரும் அடிக்க வருவீங்கன்னு தெரியும், பரவாயில்லை.

மேலே அய்யா போட்ட கணக்குல ஆரம்பப் புள்ளியே ஆட்டம். மாசம் 15,000-க்கு என்ன ஆதாரம்? வெட்டு வருஷம் முழுக்க கிடையாது. மழை பெய்தா வெட்டு இல்லை. இலை உதிர்ற காலத்துல நிறுத்திடுவாங்க. நான் வக்கீலா இருந்தா முதல் கேள்வியே அதுதான் கேட்பேன். ஆதாரம் இல்லைன்னா ட்ரிப்யூனல் (விபத்து வழக்கை விசாரிக்கிற கோர்ட்டு) ஒன்பதாயிரம்னுகூட வைக்கலாம். அப்போ 12,600, வருஷம் 1,51,200, பெருக்கினா 22,68,000. அதுல 40 சதவீதம் 9,07,200. முப்பது லட்சம் கனவோட போனவங்க அப்புறம் எங்களைத் திட்டுவாங்க.

ரெண்டாவது, வெட்டு முடியாதுங்கிறதால எதுவுமே முடியாதுன்னு ஆகாது. உட்கார்ந்து செய்யுற வேலை இருக்கு. ஒரு பெட்டிக்கடை வைக்கலாம். ராஜ்குமார் தீர்ப்பே வேறு வேலை செய்ய முடியுமான்னும் பார்க்கச் சொல்லுது. அய்யா அதைச் சொல்லலையே?

போலிக் கேஸ் எவ்வளவு வருதுன்னும் யோசிங்க. விழுந்து அடிபட்டவனை லாரி அடிச்சதா மாத்தி எழுதுற கும்பல் இல்லாமலா இருக்கு?

---

மலையோரத்தான் எழுதியது:

சார், பெட்டிக்கடைக்கு முதல் யாரு தருவா? நீங்க தாற நாலு லட்சத்துல கடன அடைச்சா மிச்சம் பெட்டிக்கடைக்குப் பலகை வாங்கத்தான் காணும்.

மழையில வெட்டு இல்லைங்கது உண்மை. அந்த நாள்ல சும்மா இருக்கமாட்டாரு. மரச்சீனி பிடுங்கப் போவாரு, விளையில காடு வெட்டப் போவாரு. அதுவும் இப்பம் இல்லையே. எனக்க தங்கச்சி அண்டி ஆபீசுக்கு (முந்திரிப் பருப்பு கம்பெனிக்கு) போய்ட்டு இருந்தா. ஆறு மாசம் அவளும் போகல, ஆஸ்பத்திரியில கூட நிக்க ஆள் வேணும்லா. அதுக்கு எந்தக் கணக்குல காசு?

போலி கேஸ்னு சொன்னீங்க. ஸ்டீல் கம்பி வச்ச எக்ஸ்ரே எங்ககிட்ட இருக்கு. வேணும்னா அனுப்புகேன்.

---

பாலிசி பேசுது எழுதியது:

உங்களைச் சொல்லலைங்க. மனசு கஷ்டப்படுத்தியிருந்தா மன்னிச்சிடுங்க.

---

கோர்ட்டு வராந்தா எழுதியது:

பாலிசி தம்பி சொன்னதில் பாதி சரி. வேறு வேலை செய்ய முடியுமா என்பதையும் தீர்ப்பு பார்க்கச் சொல்கிறது. அதனால்தான் நான் 100 போடாமல் 80 போட்டேன். ஆனால் "செய்ய முடியுமா" என்பதை அந்த மனிதரின் படிப்பு, வயது, இருக்கும் இடம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். குலசேகரத்து மலையடிவாரத்தில் எட்டாம் வகுப்பு படித்தவருக்கு நாற்காலி வேலை யார் வைத்திருக்கிறார்கள்?

தம்பி மறந்த இன்னொரு விஷயம். பதிவேட்டில் சம்பளம் இல்லாதவருக்கு வருமானமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிடாது. சையத் சாதிக் வழக்கில் (2014) கர்நாடகத்துக் காய்கறி வியாபாரி ஒருவருக்குக் கால் போனது. ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. காய்கறி விற்பவரிடம் வருமானச் சான்று எப்படி எதிர்பார்ப்பது என்று கேட்டு, 2008-ல் நடந்த விபத்துக்கு மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேலை இழப்பையும் 85 சதவீதமாக உயர்த்தியது. காய்கறி விற்பதை உட்கார்ந்து செய்யலாம் என்று அங்கேயும் வாதம் வைக்கத்தான் செய்தார்கள்.

2018-ல் ஜகதீஷ் என்ற தச்சரின் வழக்கு. இரண்டு கையும் போயிற்று. சர்டிபிகேட் 90 சொன்னது, நீதிமன்றம் 100 என்றது. 2020-ல் பப்பு தேவ் யாதவ் வழக்கு: டைப் அடிக்கும் இளைஞருக்குக் கை போனது. உயர் நீதிமன்றம் இழப்பை 45 ஆக்கியது, உச்ச நீதிமன்றம் 65 ஆக்கியது. எதிர்கால உயர்வு என்பது செத்தவர் வழக்குக்கு மட்டுமல்ல, ஊனமானவருக்கும் உண்டு என்று அதில்தான் அழுத்திச் சொன்னார்கள். இன்னமும் சில வக்கீல்கள் அதைக் கேட்காமலே விடுகிறார்கள், என்ன சொல்ல.

தங்கை விஷயம்: வீட்டாளே கவனித்துக்கொண்டாலும் உதவியாளர் செலவு என்ற தலைப்பில் கேட்கலாம். அவள் இழந்த கூலியை மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

---

சாந்து சட்டி எழுதியது:

நான் மேல்புறம் பக்கம், கொத்தனாருக்குக் கையாளா இருக்கேன். எங்க ஆளுங்க பாதிப் பேருக்கு வேலை திருவனந்தபுரத்துலதான். எனக்க கூட்டாளி ஒருத்தன் பாலராமபுரத்துல ரோடு கடக்கும்பம் கார் இடிச்சு இடுப்பு எலும்பு போச்சு. கேஸ் கேரளாவுலதான் நடத்தணும்னு ஒருத்தன் சொல்லி, போய்வரக் கூலிக்குப் பயந்து இவன் விட்டே விட்டான். வருஷம் ரெண்டு ஆச்சு. இனி வழி உண்டா?

---

கோர்ட்டு வராந்தா எழுதியது:

யாரோ தப்பாகச் சொல்லிக் கெடுத்திருக்கிறார்கள். விபத்து நடந்த இடம், அடிபட்டவர் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், எதில் வேண்டுமானாலும் மனுப் போடலாம். மேல்புறத்துக்காரர் இந்த மாவட்டத்திலேயே போட்டிருக்கலாம்.

காலக்கெடுதான் சிக்கல். 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி திரும்ப வந்திருக்கிறது. 1994-ல் எடுத்துவிட்ட விதி அது. கூலிக்காரனுக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவே ஆறு மாதம் ஆகும், இந்தக் கெடுவை எந்த மகராசன் யோசித்தானோ. ஆனால் போலீஸ் அனுப்ப வேண்டிய விரிவான விபத்து அறிக்கை என்று ஒன்று உண்டு. 90 நாளுக்குள் ட்ரிப்யூனலுக்குப் போக வேண்டும். அதையே மனுவாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் நண்பர் விஷயத்தில் அந்த அறிக்கை போனதா என்று முதலில் அந்த ஸ்டேஷனில் கேளுங்கள். நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். இன்றே போகச் சொல்லுங்கள்.

---

குளச்சல் மீன்கூடை எழுதியது:

அம்மா மீன் விக்கிறவங்க. விடியக்காலையில கடப்புறத்துல மீன் எடுத்து, நாலஞ்சு பேர் சேர்ந்து கூடையோட குட்டியானை வண்டியில சந்தைக்குப் போவாங்க. இரண்டு வருஷம் முந்தி வண்டி கவுந்து ஒரு சித்திக்குக் கை முழுசா ஒடிஞ்சது. "சரக்கு வண்டியில ஆள் ஏறினா இன்சூரன்ஸ் இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. உண்மையா? பஸ்ஸுல மீன்கூடை ஏத்த விட்டாத்தானே பஸ்ஸுல போவாங்க!

---

கோர்ட்டு வராந்தா எழுதியது:

பாதி உண்மை, பாதி பூச்சாண்டி. சும்மா லிப்ட் கேட்டு ஏறியவருக்குச் சரக்கு வண்டி பாலிசி பொறுப்பாகாது. ஆனால் 1994 திருத்தத்துக்குப் பிறகு, தன் சரக்கோடு போகும் சரக்கு உரிமையாளருக்குப் பாதுகாப்பு உண்டு. மீன்கூடை சித்தியின் சரக்கு. அவர் டிரைவர் பக்கத்தில் கேபினில் இருந்தாரா, பின்னால் கூடைகளோடு இருந்தாரா என்பதுதான் கேள்வி. கேபினில் இருந்தவருக்குத்தான் பொறுப்பு என்று தீர்ப்பு இருக்கிறது. பின்னால் இருந்திருந்தால் வண்டி உரிமையாளர்மேல் வழக்கு நிற்கும், கம்பெனிமேல் நிற்பது கஷ்டம். நாலு பேரும் கேபினில் எப்படி உட்காருவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் எழுதிய சட்டமா?

---

தோவாளை டெம்போ எழுதியது:

பூ லோடு அடிக்கிற டிரைவர் நான். இங்க எல்லாரும் அடுத்த வண்டி வந்து இடிச்ச கதை சொல்றீங்க. எங்க சித்தப்பா மகன் ஆரல்வாய்மொழி தாண்டி மாடு குறுக்க வந்து, ஒடிச்சுத் திருப்பி, வண்டி உருண்டு கால் போச்சு. 30 வயசு. அடுத்த வண்டியே இல்லை. "ஓட்டினது நீ, தப்பு உன்னுது, ஒண்ணும் கிடைக்காது"ன்னு ஓனர் கையை விரிச்சுட்டார். எங்க வீட்டுல அதை நம்பி ஒரு வருஷம் சும்மா இருந்துட்டோம்.

அப்புறம்தான் ஒரு வக்கீல் சொன்னார். அவன் ஓனருக்குச் சம்பளக்காரன், வேலை நேரத்துல அடிபட்டிருக்கான், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல போடலாம், யார் தப்புன்னு அங்க கேள்வியே இல்லைன்னு. வண்டி பாலிசியே அதைக் கொடுக்கும். 1923-ல போட்ட சட்டமாம், எங்க தாத்தா காலத்துது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், தப்பிச்சோம்.

கணக்கு இப்படி: சம்பளத்துல 15,000 வரைக்கும்தான் எடுப்பாங்க. அதுல 60 சதவீதம் 9,000. 30 வயசுக்குச் சட்ட அட்டவணையில இருக்கிற காரணி 207.98. பெருக்கினா 18,71,820. இது முழு ஊனத்துக்கு. அங்கயும் கால் போனா அட்டவணைப்படி இத்தனை சதவீதம்தான்னு குறைக்கப் பார்த்தாங்க. ஒரு தச்சருக்கு ஒரு கை போனதை முழு ஊனம்னு உச்ச நீதிமன்றம் 1975-லயே சொல்லியிருக்குன்னு வக்கீல் எடுத்துப் போட்டார். கால் இல்லாம கனரக வண்டி ஓட்ட லைசென்ஸ் எவன் தருவான்? இன்னும் ஆர்டர் வரலை. வந்தா சொல்றேன்.

---

கோர்ட்டு வராந்தா எழுதியது:

டெம்போ தம்பி சரியாகச் சொன்னார். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு சட்டத்துக்கும் இடமிருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இரண்டிலும் வாங்க முடியாது. அடுத்த வண்டியின் தப்பு தெளிவாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில்தான் பொதுவாகத் தொகை கூடுதல், அங்கே 15,000 உச்சவரம்பு இல்லை.

---

முட்டுக்குப் பயிற்சி எழுதியது:

பிசியோதெரபிஸ்டா இருக்கேன். மலையோரத்தான் அண்ணனுக்கு ஒரு விஷயம். மெடிக்கல் போர்டு பார்க்கிறது மூட்டு எத்தனை டிகிரி மடங்குது, தசை பலம் எவ்வளவு, கால் நீளம் குறைஞ்சிருக்கா, இவ்வளவுதான். அதுக்கு ஒரு பார்முலா இருக்கு, 40 வந்திருக்கும். அவங்க தப்பா எழுதலை. அவர் பால் வெட்டுறவரா பேங்க் மேனேஜரான்னு அந்தப் பாரத்துல கேள்வியே கிடையாது. அதனால ஆபரேஷன் செஞ்ச டாக்டர்கிட்ட தனியா எழுதி வாங்குங்க. குத்தவைக்க முடியாது, சரிவுல இறங்க முடியாது, எடை தூக்கிட்டு படி ஏற முடியாது, ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாது, இப்படி வேலை வேலையா. கோர்ட்டுல அவர் வாயால சொன்னா இன்னும் நல்லது.

---

களியக்காவிளை ரோடு எழுதியது:

வக்கீல் எவ்வளவு கேட்டாரு? எங்க பக்கம் வாங்குறதுல கால்வாசி பேசுறாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே புரோக்கர் வந்து நிப்பான், ரத்தம் காயறதுக்கு முன்னாடி வக்காலத்துல கைநாட்டு.

---

கோர்ட்டு வராந்தா எழுதியது:

கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. நடக்கிறது என்பது வேறு. நல்ல வக்கீல்களும் நிறைய உண்டு, என் முதலாளி ஒரு விதவையிடம் காப்பிக் காசுகூட வாங்காமல் நடத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

---

பாலிசி பேசுது எழுதியது:

ரெண்டு நாளா இழையைப் படிச்சிட்டு இருக்கேன். என் வேலைக்கு எதிரா ஒண்ணு சொல்லிடறேன், யாரும் என்னைக் கண்டுபிடிக்காதீங்க. ஒரு பெரிய டாரஸ் லாரிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே வருஷம் 40,000 ரூபாய்க்கு மேல. அடிபட்டவங்களுக்குக் கொடுக்கத்தான் அது வாங்குறோம். அதனால கேட்கிறது தப்பில்லை. ஆதாரத்தோட கேளுங்க. வருமானத்துக்கு ரப்பர் வாரியத்தோட வெட்டுப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தா எடுங்க. தோட்டக்காரர் சாட்சி சொல்ல வருவாரா பாருங்க. கூலி பேங்க்ல வந்திருந்தா பாஸ்புக். 350 மரம், மரத்துக்கு எவ்வளவு கூலின்னு அவர் வாயால வந்துட்டா எங்க ஆளுங்க ஒன்பதாயிரம்னு பேச முடியாது.

---

மலையோரத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லுகேன்.

லோக் அதாலத்துல வேண்டாம்னு சொல்லியாச்சு. கம்பெனிக்காரங்க அங்கேயே ஆறுன்னாங்க, அப்புறம் ஏழரைன்னாங்க. தங்கச்சி எனக்க முகத்தப் பாத்தா, நான் மச்சானுக்க முகத்தப் பாத்தேன், அவரு தரையப் பாத்துட்டு இருந்தாரு. வக்கீலுக்கு முதல்ல கோவம். ராஜ்குமார் தீர்ப்ப நான் எடுத்துச் சொன்ன உடனே, "இதெல்லாம் ஒமக்கு யாரு சொன்னா"ன்னு கேட்டுட்டு, மனுவத் திருத்தி எதிர்கால உயர்வும் சேர்த்துப் போடலாம்னு சம்மதிச்சாரு.

தோட்டக்காரர் சாட்சி சொல்ல வருவேன்னு சொல்லியாச்சு. மரத்துக்கு ரெண்டு ரூபா கணக்குல கூலி குடுத்தேன்னு அவருக்க நோட்டுல பென்சில்ல எழுதி வச்சிருக்காரு. மழைக்கு நின்ன நாள்லாம் கோடு போட்டு விட்டிருக்காரு. அதுவே நல்லதுன்னு வக்கீல் சொல்லுகாரு, நம்பிக்கையா இருக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் விளைக்குப் போனோம், சரிவ வீடியோ எடுக்க. நீங்க கீழ நில்லுங்க, நான் எடுக்கேன்னு சொன்னேன். கேக்கல. கம்ப ஊணி முதல் தட்டு ஏறிட்டாரு. ரெண்டாவது தட்டுல ஒரு மரத்தப் பிடிச்சு நின்னுட்டாரு. அவரு வெட்டின மரம்தான். பட்டையில பழைய கோடு காஞ்சு கெடந்துச்சு. சிரட்டையில மழைத்தண்ணி. இறங்க அரை மணி நேரம் ஆச்சு, நான் தோள் குடுத்துக் கொண்டாந்தேன். வீடியோ அந்த ரெண்டாவது தட்டோட நின்னு போச்சு.

இப்பம் ஒரு சந்தேகம். ஆபரேஷன் செஞ்ச டாக்டர் நல்ல மனுஷன், எழுதித் தந்துட்டாரு. கோர்ட்டுக்கு வாறதுக்கு மட்டும் நேரமில்லைன்னு சொல்லுகாரு. அடுத்த வாய்தாவுக்கு அவரு வரல்லேன்னா என்ன செய்ய?

---

கோர்ட்டு வராந்தா எழுதியது:

வக்கீலிடம் சொல்லி, கோர்ட்டு சார்பில் போய்ச் சாட்சியம் பதிவு செய்யும் கமிஷனரை நியமிக்க மனுப் போடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலேயே போய் டாக்டரின் சாட்சியத்தைப் பதிவு செய்யலாம். அதே ராஜ்குமார் தீர்ப்பில் அதற்கும் வழி இருக்கிறது. வாய்தாவுக்கு முந்தின நாள் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போடுங்கள். எக்ஸ்ரே ஒரிஜினலை டாக்டரிடம் விட்டுவைக்காதீர்கள், வாங்கி உங்கள் கையில் வையுங்கள்.